நாத்தனார் நிரப்பிய படிவம்

சின்னவளுக்கு வயது நாற்பத்து மூன்று. கடைசி மருமகளாக அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்று வைத்த பெயர் அது. தலை பாதி நரைத்த பிறகும் பெயருக்கு மட்டும் வயதாகவில்லை. ஆனால் அது வீட்டோடு சரி. சாவி வெட்டும் கடைக்கு மேலே முதல் மாடியில் இரண்டு அறைகள் எடுத்து, பதினான்கு வருஷமாக மசாஜ் சிகிச்சை நிலையம் நடத்துகிறாள். அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். மூட்டை தூக்குகிறவர் வந்தாலும் நீதிபதி வந்தாலும் அவள் "குப்புறப் படுங்க" என்றால் படுக்க வேண்டும், "இன்னைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போங்க" என்றால் போக வேண்டும்.

முதலில் இருபத்திரண்டு கேள்விகள் உள்ள படிவம். ஆம், இல்லை என்று பக்கத்தில் கட்டங்கள் இருக்கும், டிக் போட வேண்டியதுதான். ஆனால் அந்த டிக்கை அவள் நம்ப மாட்டாள். ஆளை எதிரே உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாக வாசித்து, வாயால் பதில் வாங்குவாள். "கை அலுங்காம பொய் சொல்லிடும், வாய் கொஞ்சமாவது தடுமாறும்" என்பது அவள் கட்சி. பிறகு அறையை விட்டு வெளியே போய்விடுவாள். வந்தவர் உடை மாற்றிப் போர்வைக்குள் படுத்ததும், இரண்டு முறை கதவைத் தட்டி, "வாங்க" என்று குரல் வந்தால்தான் உள்ளே காலை வைப்பாள். கை வைக்கிற இடம் மட்டும்தான் போர்வைக்கு வெளியே தெரியும். "போதும்" என்று சொன்னால் கையை எடுத்துவிடுவாள், ஏன் என்று கேட்க மாட்டாள். உள்ளே பேசியது வெளியே போகாது. இதையெல்லாம் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஓர் அட்டையாகவே மாட்டியிருந்தாள். மாட்டி என்ன பிரயோஜனம், ஒரு பிறவியும் அதைப் படித்ததில்லை.

ஊரில் அவள் கையை மதிக்காத முதுகு ஒன்றே ஒன்றுதான். அது நாத்தனாருடையது. கணவனுக்கு மூத்தவர், ஐம்பத்தெட்டு வயது, டிரைவிங் ஸ்கூலில் முப்பது வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவர் உட்காருகிற பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. வீட்டுக்கு வந்தாலும் பேச்சு காருக்குள் இருக்கிற மாதிரியேதான்: "நில்லு. பாத்து. இப்பப் போ." சின்னவளின் தொழிலைப் பற்றி அவருக்கு ஒரே கருத்து. "ஊரார் முதுகைத் தேய்க்கிறதுக்கு ஒரு சர்டிபிகேட்டு, அதுக்கு ஒரு பிரேமு வேற!" கல்யாண வீடு, துக்க வீடு பாராமல் இதைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். சின்னவளும் சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் எரியும்.

அப்படிப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை போன் செய்து நேரம் கேட்டால் எப்படி இருக்கும்?

"உங்க நாத்தனார் நாலரைக்கு வராங்க," என்றார் வரவேற்பு மேசையில் இருக்கும் டீச்சர். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் அவர். ஓய்வு பெற்றாரே தவிர, திருத்துகிற பழக்கம் போகவில்லை.

"எங்க நாத்தனாரா? நல்லாக் கேட்டீங்களா?"

"வேற யாரும் எனக்கே போன்ல ‘எழுதினதைத் திருப்பிப் படி’ன்னு அதட்ட மாட்டாங்க."

சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. புது விரிப்பைப் பிரித்துப் போட்டாள். எண்ணெய்ப் புட்டியை வெந்நீரில் நிறுத்தி வைத்தாள். இன்றைக்கு அந்த முதுகைத் தொட்டு, அந்த வாயாலேயே "உனக்குக் கை இருக்குடி" என்று சொல்ல வைக்காவிட்டால் தன் பெயரை மாற்றிக்கொள்வதாகச் தெருப் பக்கத்து ஜன்னலிடம் சபதம் போட்டாள்.

நாலரைக்கு இரண்டு நிமிஷம் முன்பே நாத்தனார் மாடி ஏறி வந்துவிட்டார். கைப்பையைத் தோளில் இருந்து எடுக்காமலே நின்று அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் இருந்த அட்டை முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"எங்க படுக்கணும்?"

"முதல்ல இந்தப் படிவம் அண்ணி."

"அதெல்லாம் வெளியாளுக்கு. எனக்கெதுக்கு?"

"எல்லாருக்கும்தான்."

நாத்தனார் பேனாவை வாங்கினார். இருபத்திரண்டு "இல்லை" கட்டங்கள் வழியாகவும் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்தார். "போதுமா?"

சின்னவள் எதிரே உட்கார்ந்து முதல் கேள்வியைப் பார்த்தாள். தலைசுற்றல், மயக்கம், கண் இருட்டுதல் உண்டா? அதற்கு அடுத்தது சிறுநீர் சமாச்சாரம். அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டார். "என்ன, பரீட்சை வைக்கப் போறியா? உன் கல்யாணத்தன்னைக்கு உனக்குத் தலை பின்னிவிட்டவ நான்."

மூத்த நாத்தனாரிடம் போய் மூத்திரம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்கவா? அதுவும் முதல் முறையாகத் தேடி வந்திருக்கிறவரிடம்? சின்னவள் சிரித்துக்கொண்டே தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். பதினான்கு வருஷத்தில் ஒருவருக்குக்கூட அவள் இப்படிச் செய்ததில்லை. அன்றைக்குச் செய்தாள்.

நாத்தனார் உடை மாற்றும் நேரத்தில் வெளியே வந்தவளை டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வாசிச்சீங்களா?"

"வீட்டு ஆளுதானே டீச்சர்."

"ஏன், வீட்டு ஆளுக்கு ரத்தம் வேற பக்கமா ஓடுதா?"

"சும்மா இருங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டுச் சின்னவள் கதவைத் தட்டினாள். இரண்டு முறை தட்டினாள். அந்தச் சட்டத்தை விடவில்லை.

தோள் இரண்டும் பலகையாக இறுகிக் கிடந்தன. நாத்தனார் படுத்துக்கொண்டே வகுப்பு நடத்தினார். "இன்னும் அழுத்து. சாப்பிடலையா நீ? வலிச்சாத்தான் வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

"வலிச்சா உடம்பு முறுக்கிக்கும் அண்ணி. அப்புறம் நான் அதுகூட மல்லுக்கட்டணும்."

"எனக்குக் கழுத்துதான் முக்கியம். இடது பக்கம் திரும்ப மாட்டேங்குது. சடக்குன்னு ஒண்ணு எடுத்துவிடு, போதும்."

"சடக்கு முடக்கெல்லாம் இங்க கிடையாது. மெல்லத்தான் வரும்."

கால் மணி நேரம் ஆயிற்று. வகுப்பு நின்றது. பிறகு, போர்வைக்குள் இருந்து, யார் காதிலும் விழக்கூடாது என்பது போல ஒரு குரல் வந்தது. "பரவாயில்லையே. உனக்குக் கை இருக்கத்தான் இருக்கு."

சின்னவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஓடிப்போய் டீச்சரைக் கூப்பிட்டுச் சாட்சி வைத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாள். அந்தக் குளிர்ச்சியோடுதான் நாத்தனாரை மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். தலைமாட்டில் உட்கார்ந்து, இரு கையாலும் தலையை ஏந்தி, கழுத்தை இடது பக்கமாக மெல்ல, மிக மெல்லத் திருப்பினாள்.

"அந்தப் பழைய மேனேஜர் இருந்தானே, அவன் என்ன சொன்னான்னா..." என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்த நாத்தனாரின் பேச்சு பாதியில் நின்றது. முகம் வெளுத்தது. நெற்றியில் வியர்வை அரும்பியது. இமை மட்டும் படபடத்தது.

"அண்ணி?"

பதில் இல்லை. சின்னவள் தலையை நேராகக் கொண்டுவந்து, தலையணையில் வைத்து, கையை எடுத்துவிட்டாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஐந்தாவதில் நாத்தனார் கண்ணைத் திறந்தார்.

"என்ன?"

"எங்க இருக்கீங்க அண்ணி?"

"உன் கடையிலதான். கேள்வியைப் பாரு."

"கையைத் தூக்குங்க. ரெண்டு கையையும். சிரிங்க."

"எதுக்குடி சிரிக்கணும்?" என்று கேட்டாலும் சிரித்தார். வாயும் கோணவில்லை, கையும் தொங்கவில்லை; பக்கவாதம் மாதிரித் தெரியவில்லை. சின்னவள் அவரை அசையாமல் படுக்க வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தாள்.

"இப்ப வாசிக்கிறேன். தலைசுற்றல், மயக்கம், கண் இருட்டுதல் உண்டா?"

"இல்லை."

"அண்ணி."

நாத்தனார் கூரையைப் பார்த்தார். கூரையில் இருந்த மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "திரும்பிப் பாத்தா வருது," என்றார். "இடது பக்கம் திரும்பிப் பாத்தா. கண்ணு அப்படியே இருட்டிக்கிட்டு வருது. அஞ்சாறு நொடிதான். அப்புறம் சரியாயிடுது."

"எவ்வளவு நாளா?"

"மூணு வாரம். போன வாரம் ஒரு பொண்ணு ரிவர்ஸ் எடுத்தா. நானும் பின்னாடி திரும்பிப் பாத்தேன். கண்ணு தெளிஞ்சப்ப வண்டி கம்பத்துல இடிச்சு நின்னுது. நான் பிரேக்கை மிதிக்கலை. அந்தப் பொண்ணைத்தான் திட்டினேன். அழுதுட்டுப் போச்சு."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"டாக்டர் வண்டி ஓட்டக் கூடாதுன்னு எழுதிடுவான். எழுதினா ஸ்கூல்ல சாவியை வாங்கிடுவாங்க. முப்பது வருஷம்டி! நரம்பு பிடிச்சிருக்கும், நீ நீவிவிட்டா சரியாப் போயிடும்னுதானே வந்தேன்? இல்லாட்டி இந்தப் படியை நான் ஏறுவேனா?"

சின்னவளுக்குச் சுரீரென்றது. கையை மதித்து வந்தவர் அல்ல, டாக்டருக்குப் பயந்து வந்தவர். அந்த வலியை மென்று விழுங்கினாள். அதைவிடப் பெரிய வலி ஒன்று முன்னால் நின்றது.

"தப்பு என் பேர்ல அண்ணி. கேக்காம உங்க கழுத்தைத் தொட்டிருக்கவே கூடாது. மன்னிச்சிடுங்க. டாக்டர் பாத்துச் சொல்ற வரைக்கும் இனிமே உங்க கழுத்துல என் விரல்கூடப் படாது. வாங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நானும் வரேன்."

"இப்ப ஒண்ணும் வேண்டாம். பாத்துக்கலாம். காலைல ஏழு மணிக்குப் பாப்பாவுக்குக் கிளாஸ் இருக்கு."

பாப்பா என்றால் சின்னவளின் மகள். பத்தொன்பது வயது. திங்கட்கிழமை லைசென்ஸ் டெஸ்ட். மூன்று வாரமாகத் தினம் காலை ஏழு மணிக்கு அத்தை காரில் ஏறி, மார்க்கெட் தெருவில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பிரேக்கை மிதிக்க அத்தை இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் சின்னவள் தினமும் கையசைத்து அனுப்பி வைத்தாள்.

"அண்ணி, நாளைக்கு நீங்க அந்தக் கார்ல ஏறக் கூடாது."

"அதைச் சொல்ல நீ யாரு? இங்க பாரு, இதை நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது. என் தம்பிகிட்டயும்தான். உன் அட்டையிலேயே எழுதியிருக்கு, உள்ள பேசினது வெளிய போகாதுன்னு."

பதினான்கு வருஷத்தில் அந்த அட்டையைப் படித்த ஒரே ஆள்! சின்னவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"சொல்ல மாட்டேன்," என்றாள். "ஆனா அதுக்குக் கீழ இன்னொரு வரி இருக்கு, அதையும் படிச்சிருப்பீங்க. ஒரு உயிருக்கு ஆபத்துன்னா அந்த வாக்கு செல்லாது. காலைல ஏழு மணி வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க, இல்ல கிளாஸை நிறுத்திடுங்க. ஏழு மணிக்கு அந்தக் கார்ல உக்காந்துக்கிட்டு எங்க வாசலுக்கு வந்தீங்கன்னா, பாப்பா ஏற மாட்டா. ஏன்னு தெருவே கேக்குற மாதிரி சொல்லுவேன்."

"மிரட்டுறியா?"

"ஆமா அண்ணி."

நாத்தனார் எழுந்து உட்கார்ந்தார். ஒரு கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. அரை மணி நேரம் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, டீச்சர் டாக்ஸி வரவழைத்தார். தான் ஓட்டி வந்து கீழே நிறுத்திய காரை ஸ்கூலில் இருந்து ஆள் வந்து எடுத்துப் போகட்டும் என்று, ஒரு பெரிய உபகாரம் செய்கிறவர் போல, நாத்தனார் ஒத்துக்கொண்டார். படி இறங்கும்போது சின்னவளின் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கணவன் வேலையிலிருந்து வரும்போதே போனைக் காதில் வைத்துக்கொண்டு வந்தான். வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "அக்கா சொல்றா, உன் கையில தெம்பே இல்லையாம். சும்மா தடவிட்டு, பாதியில நிறுத்தி, டாக்ஸி ஏத்தி அனுப்பிட்டியாமே?"

நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும் என்பது சரிதான். சின்னவளுக்குக் கோபம் மூக்கின் நுனிக்கு வந்தது.

"அம்மா, அத்தையையேவா?" என்றாள் மகள்.

"பதினாலு வருஷம் கழிச்சு வந்திருக்கா," என்றான் கணவன். "ஒரு மணி நேரம் ஒழுங்காப் பண்ணி அனுப்பியிருக்கக் கூடாதா? இனிமே என் பக்கத்து ஆளுங்க ஒருத்தரும் உன் படி ஏற மாட்டாங்க, பாத்துக்கோ. என்னதான் நடந்துச்சு?"

"வந்தாங்க, போனாங்க. உள்ள நடந்ததை நான் பேசுறதில்லை."

"நான் உன் புருஷன்டி."

"புருஷனுக்குன்னு தனி கவுன்ட்டர் வைக்கலைங்க."

அவன் முகம் சுருங்கிப்போய்க் குளிக்கப் போனான். சின்னவள் சமையலறையில் நின்று, கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். ஒரே ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், கையில் தெம்பு இருக்கிறதா இல்லையா என்று வீட்டுக்கே தெரிந்துவிடும். சொல்லவில்லை. மூட்டை தூக்குகிறவரின் முதுகுக்குக் கொடுத்த வாக்கை நாத்தனாரின் முதுகுக்கு மட்டும் கொடுக்காமல் இருக்க முடியாது. கேள்வி கேட்கிற சட்டத்தை ஒரு தடவை உறவுக்காக வளைத்ததற்கே இன்னும் மனசு ஆறவில்லை.

மகள் பின்னால் வந்து நின்றாள். "நாளைக்கு ரிவர்ஸ் மட்டும்தான்மா. திரும்பித் திரும்பிப் பாக்கச் சொல்லித் தரேன்னாங்க அத்தை."

சின்னவளின் கையிலிருந்து தட்டு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. நாத்தனாருக்கு இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு செய்தி வந்தது. "ஏழு மணிக்கு வரேன்." அவ்வளவுதான். எதற்கு வருகிறார், எதில் வருகிறார், ஒன்றுமில்லை.

காலை ஆறே முக்காலுக்கே சின்னவள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்ல வேண்டும் என்பதை இரண்டு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டாள். கார் வந்தால் அதன் முன்னால் போய் நிற்பாள். கத்த வேண்டி வந்தால் கத்துவாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மகள் ஷூ மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். கணவன் டீக் கோப்பையோடு வந்தான், நேற்றைய மூஞ்சியை மாற்றாமலே.

ஏழு மணி ஆயிற்று. கார் வரவில்லை.

ஏழு ஐந்து. "அக்காவா லேட்டு?" என்றான் கணவன். "நம்பவே முடியலையே."

ஏழு பத்து. வந்தால் எப்படித் தடுப்பது என்று யோசித்து வைத்திருந்தாளே தவிர, வராவிட்டால் என்ன என்று சின்னவள் யோசிக்கவில்லை. தனியாகக் காரை எடுத்திருந்தால்? மூலையில் ஒரு தடவை இடது பக்கம் திரும்பிப் பார்த்திருந்தால்? அஞ்சு நொடி. பிரேக்கை மிதிக்கப் பக்கத்தில் இன்னொரு ஆள்கூட இல்லை. ஏழு மணி என்று கெடு கொடுத்தது யார்? நான்தானே! பாவி, நேற்றே கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்க வேண்டாமா?

"வண்டியை எடுங்க," என்றாள். "அண்ணி வீட்டுக்குப் போகணும்."

"ஏன்? என்ன ஆச்சு?"

"போற வழியில சொல்றேன். எடுங்க முதல்ல!"

கணவன் கோப்பையைக் கீழே வைத்தான். அப்போது மகள், "அதோ அத்தை!" என்றாள்.

தெரு முனையில் நாத்தனார் நடந்து வந்துகொண்டிருந்தார். காரும் இல்லை, ஆளும் இல்லை. கைப்பை ஒரு தோளில். தலையைக் கொஞ்சமும் திருப்பாமல், ஓரமாக, ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து வந்தார். வாசலுக்கு வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார். சின்னவளுக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. கண்ணில் தண்ணீரும் சேர்ந்து வந்தது.

"கார் எங்கக்கா?" என்றான் தம்பி.

"ஸ்கூல்ல. காலைல போய் என்கிட்ட இருந்த சாவியையும் ஆபீஸ்ல குடுத்துட்டேன்."

"சாவியைக் குடுத்துட்டியா? ஏன்? என்ன ஆச்சு உனக்கு?" அக்கா கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார். அவன் மனைவி பக்கம் திரும்பினான். "நேத்து அங்க என்னமோ நடந்திருக்கு. உனக்குத் தெரியும், இல்ல? சொல்லு."

சின்னவள் நாத்தனாரைப் பார்த்தாள். சாவி ஆபீசுக்குப் போய்விட்டது. இனி யார் உயிருக்கும் ஆபத்து இல்லை. அப்படியானால் வாக்கு மறுபடி வாக்குதான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"உன்னைத்தான் கேக்குறேன்!" அவன் குரல் உயர்ந்தது. "என் அக்காடி அவ!"

"அவளை விடுடா. அவ சொல்ல மாட்டா," என்றார் நாத்தனார். "நேத்து ராத்திரி பூரா போனையே பாத்துக்கிட்டு இருந்தேன். இவ சொல்லிடுவா, நீ கூப்பிட்டுக் கத்துவே, அதை சாக்கா வெச்சு நானும் நாலு கத்து கத்தலாம்னு. நீ திரும்பக் கூப்பிடவே இல்லை. கையில தெம்பில்லைன்னு அவ்வளவு கேவலமாச் சொல்லியும் இவ மூச்சு விடலை." சின்னவள் பக்கம் கையை நீட்டினார். "பொய்தான் சொன்னேன். இவ கை மாதிரி ஒரு கை கிடையாது. இங்க வந்து உக்காருடி."

சின்னவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சில்லென்று இருந்தது.

"பாப்பா, நீயும் கிட்ட வா. நீதான் முக்கியமா கேக்கணும்," என்றார் நாத்தனார். பிறகு தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "திரும்பிப் பாத்தா எனக்குக் கண்ணு இருட்டிடுதுடா. மூணு வாரமா. அந்த மூணு வாரமும் உன் பொண்ணு என் பக்கத்து சீட்டுலதான் உக்காந்து ஓட்டிக்கிட்டிருந்தா."